சிலுவைப் போர் அரசுகளின் கடிதங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1187 அக்டோபர் 29 அன்று, வட இத்தாலியின் ஃபெராரா நகரிலிருந்து திருத்தந்தை எட்டாம் கிரகோரி ஒரு மடல் விடுத்தார். திருத்தந்தையரின் மடல்களை அவற்றின் முதல் லத்தீன் சொற்களால் அழைப்பது வழக்கம். இதன் பெயர் 'ஆடிட்டா ட்ரெமெண்டி'. மூன்றாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த மடல் இதுதான்.

எருசலேம் எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாதீன் கைக்குப் போனது அதே அக்டோபர் 2ஆம் தேதி. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவுடன், எருசலேம் வீழ்ந்ததைக் கேட்டுக் கலங்கி எழுதிய மடல் இது என்று நிறையப் பேர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் மடலைப் பொறுமையாகப் படித்தால் எருசலேம் வீழ்ந்த செய்தி அதில் எங்குமே இல்லை. ஜூலை 4இல் நடந்த ஹத்தீன் போர், அங்கே பறிபோன திருச்சிலுவை (இயேசுவின் சிலுவைத் துண்டு என்று போற்றப்பட்டது), வெட்டிக் கொல்லப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் துறவி வீரர்கள், இவைதான் இருக்கின்றன. மடல் எழுதப்பட்ட அன்று எருசலேம் கைமாறி நான்கு வாரம் ஆகிவிட்டது. எழுதியவருக்கு அது தெரியாது. அவருக்கு முன்பிருந்த மூன்றாம் அர்பன் அக்டோபர் 20 அன்று இறந்தார். எருசலேம் செய்தி கேட்ட அதிர்ச்சியில் இறந்தார் என்ற கதையும் சுற்றுகிறது. பதினெட்டே நாளில் பாலஸ்தீனத்திலிருந்து வட இத்தாலிக்குச் செய்தி வந்திருக்க வழியில்லை. அவர் காதுக்கு எட்டியிருந்தால் அது ஹத்தீன் செய்தியாகத்தான் இருக்க முடியும்.

பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் மேற்கு ஐரோப்பியர் நிறுவிய சிலுவைப் போர் அரசுகளின் கடிதங்களைப் படிக்கிறவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இது. நமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அரசுகளில் ஒன்றின் தலைநகரான எடெஸ்ஸா 1144 டிசம்பர் 24இல் வீழ்ந்தது. அந்தச் சேதியோடு ஜபலா நகர ஆயர் ஹியூ இத்தாலியின் விடெர்போவில் திருத்தந்தை மூன்றாம் யூஜீனைச் சந்தித்தது 1145 நவம்பரில். இரண்டாம் சிலுவைப் போருக்கான மடல் கிளம்பியது டிசம்பர் 1ஆம் தேதி. ஏறக்குறைய ஓராண்டு! குளிர்காலத்தில் கப்பல் போக்குவரத்து கிட்டத்தட்ட நின்றுவிடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் பெரிய கடற்பயணங்கள். ஆகவே ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால் எழுதிய நாள், கப்பல் ஏறிய பருவம், போய்ச் சேர்ந்த நாள் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

கடிதம் பாதி, தூதர் மீதி

அடுத்த தவறு, தோல் ஏட்டில் எழுதியிருப்பதுதான் முழுச் செய்தி என்று நம்புவது. என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய தவறு. 'இதைக் கொண்டுவருபவர் மீதியைச் சொல்வார், அவர் சொல்வதை நான் சொல்வதாகவே நம்புங்கள்' என்ற பொருளில் ஒரு வரி இந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும். அதை வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போய்விடுகிறோம். உண்மையில் கனமான விஷயமெல்லாம் அந்த ஆளின் வாயில்தான் இருந்தது. வழியில் கடிதம் எதிரி கையில் சிக்கலாம். எத்தனை வீரர்கள் மிச்சம், எந்தக் கோட்டையில் தானியம் இல்லை, அரசரின் உடல்நிலை எப்படி என்பதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்?

1184இல் எருசலேமின் லத்தீன் (மேற்கத்தியத் திருச்சபையைச் சேர்ந்த) பேட்ரியார்க், அதாவது தலைமை ஆயர், ஹெராக்ளியஸ் மேற்கு நோக்கிக் கிளம்பினார். டெம்ப்ளர் தலைவர் அர்னால்டும் ஹாஸ்பிட்டலர் தலைவர் ரோஜரும் உடன் போனார்கள். அர்னால்ட் வழியிலேயே வெரோனாவில் இறந்துவிட்டார். மற்றவர்கள் 1185 தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இரண்டாம் ஹென்றியைச் சந்தித்து, திருத்தந்தையின் கடிதத்தோடு திருக்கல்லறையின் சாவியையும் தாவீது கோபுரத்தின் சாவியையும் அரசுக் கொடியையும் அவர் முன் வைத்தார்கள். கடிதம் உதவி கேட்டது. சாவிகளோ 'வந்து எங்கள் நாட்டையே ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றன. ஹென்றி மார்ச்சில் பெரியவர்களைக் கூட்டிக் கலந்து பேசிவிட்டு, தான் வர மறுத்துவிட்டார். கடிதத்தை மட்டும் படித்தால் அவர் எதை மறுத்தார் என்பதே நமக்குப் புரியாது.

யார் பத்திரப்படுத்தினார்கள்?

எருசலேம் அரசர்களின் ஆவணக் கிடங்கு நம் கைக்கு வரவில்லை. டெம்ப்ளர்களின் மைய ஆவணக் கிடங்கும் போயிற்று. ஹாஸ்பிட்டலர்களுடையதில் பெரும்பகுதி மால்டாவில் இருக்கிறது. திருக்கல்லறைத் துறவிகளின் சொத்துப் பத்திரத் தொகுப்பு வத்திக்கானில் இருக்கிறது. மற்றபடி நாம் படிக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றுக்கொண்ட மேற்கத்தியர்கள் படியெடுத்து வைத்தவை.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் எதைப் படியெடுத்து வைப்பார்கள்? உதவி கேட்ட கடிதங்களை. ஆகவே கிழக்கிலிருந்த லத்தீன் அரசுகள் நாள் முழுக்க அழுதுகொண்டே இருந்ததுபோல ஒரு தோற்றம் கிடைக்கிறது. டமாஸ்கஸுக்கும் அலெப்போவுக்கும் அவர்கள் எழுதிய அன்றாடக் கடிதங்கள், வரி பற்றியவை, கைதிகளை மீட்பது பற்றியவை, வணிகச் சரக்கு பற்றியவை, ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. அழிந்ததை 'நடக்கவில்லை' என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்து நாட்டோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அரசுகள் இவை. அந்தப் பக்கத்தைப் பார்க்க அரபு நூல்களுக்குத்தான் போக வேண்டும். அரசு எழுத்தர்களுக்கான கையேடாக அல்-கல்கஷந்தி தொகுத்த பெருநூலில் சுல்தான்கள் பிராங்கியரோடு (கிழக்கில் குடியேறிய மேற்கு ஐரோப்பியரோடு) செய்த உடன்படிக்கைகள் சில அப்படியே கிடைக்கின்றன. 1283இல் சுல்தான் கலாவூன் ஆக்ரே நகரத்தாரோடு செய்த போர்நிறுத்தத்தின் காலம் 10 ஆண்டு, 10 மாதம், 10 நாள், 10 மணி நேரம். மணிக்கணக்கு வரை எழுதிவைத்த அந்த எழுத்தரின் கையை நினைத்துக்கொண்டு படித்தால், 'ஓயாத மதப்போர்' என்ற சித்திரம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

பத்திரப்படுத்தியவர் எந்தக் கட்சி என்பதும் முக்கியம். 1229 பிப்ரவரியில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் சுல்தான் அல்-காமிலும் செய்த உடன்படிக்கையால் எருசலேம் போரில்லாமல் கிறித்தவர்கள் கைக்கு வந்தது. உடன்படிக்கையின் முழு வாசகம் இன்று இல்லை. சில பிரிவுகள் மட்டும் கிடைக்கின்றன. எப்படி? ஃபிரெடரிக்கைக் கடுமையாக வெறுத்த பேட்ரியார்க் ஜெரால்ட், ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே தன் கண்டனத்தைச் சேர்த்துத் திருத்தந்தைக்கு அனுப்பிய படியில்! 'உடன்படிக்கையில் இப்படி இருந்தது' என்று சொல்லும்போது, அதில் எதை நமக்குக் காட்டலாம் என்று தேர்ந்தெடுத்தவர் எதிராளி என்பது நினைவில் இருக்க வேண்டும்.

மார்ச் 18 அன்று திருக்கல்லறைக் கோயிலில் ஃபிரெடரிக் முடி சூடினார். அப்போது அவர் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர். டியூட்டானிக் துறவி வீரர்களின் தலைவர் ஹெர்மன் ஃபான் சால்ட்ஸாவும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டாம் என்று தானே பேரரசருக்கு ஆலோசனை சொன்னதாகவும், அவர் கேட்டு நடந்துகொண்டதாகவும் சொல்கிறார். ஜெரால்டின் கடிதத்திலோ அதே நாட்கள் ஒரே அவமானமாகத் தெரிகின்றன. இருவரில் ஒருவர் பொய்யர் என்று தீர்ப்புச் சொல்ல நம் கை பரபரக்கும். வேண்டாம். ஹெர்மன் சமாதானத்துக்கு வழி தேடினார், ஜெரால்ட் திருத்தந்தையின் கோபம் ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு கடிதங்களும் ஆளுக்கொரு வேலை செய்யப் போனவை. அந்த வேலை என்ன என்று கண்டுபிடித்தால் இரண்டிலிருந்தும் கிடைக்க வேண்டியது கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பல கடிதங்கள் ஒரே மாதிரிச் சொன்னால் அதையே பல சாட்சிகளாக எண்ணுவது. 1164 ஆகஸ்டில் ஹாரிம் போரில் அலெப்போவையும் டமாஸ்கஸையும் ஆண்ட நூருத்தீன் வென்றார். அந்தியோக்கியாவின் மூன்றாம் பொஹிமோண்டும் திரிப்போலியின் மூன்றாம் ரெய்மண்டும் சிறைப்பட்டார்கள். அந்தக் காலக்கட்டத்தில் எருசலேம் அரசர் அமால்ரிக், அந்தியோக்கியா பேட்ரியார்க் எய்மெரி, டெம்ப்ளர் தலைவர் பெர்ட்ராண்ட் எனப் பலரும் பிரான்ஸின் ஏழாம் லூயிக்கு எழுதினார்கள். அக்கடிதங்கள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன என்பதைவிட, சேர்ந்து குரல் கொடுத்தால்தான் லூயியின் காதில் விழும் என்று அவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்றே நான் படிப்பேன்.

முதல் வரியைத் தாண்டிப் போகாதீர்கள்

அழைப்பு வரியும் பட்டங்களும் சலிப்பூட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கும். எருசலேம் அரசர்கள் தங்களை 'லத்தீனியர்களின் அரசர்' என்று எழுதிக்கொண்டார்கள். திருத்தந்தை ஆயருக்கு எழுதினால் 'வணக்கத்துக்குரிய சகோதரர்', அரசருக்கு எழுதினால் 'அன்பு மகன்'. விலக்கி வைக்கப்பட்டவருக்கு எழுதும்போது வழக்கமான ஆசி இருக்காது, 'நல்லறிவு வரட்டும்' என்ற தொனியில் ஒரு வாழ்த்துத்தான் இருக்கும். அந்த ஒரு மாற்றத்தைப் பார்த்தே அவர் நிலைமையைப் பெறுபவரின் எழுத்தர் புரிந்துகொள்வார்.

1268 மே மாதம் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவைப் பிடித்தார். அதன் அதிபர் ஆறாம் பொஹிமோண்ட் அப்போது திரிப்போலியில் இருந்தார். 'உங்கள் ஆட்களில் தப்பி வந்து சொல்ல யாரும் இல்லை, அதனால் நாங்களே சொல்கிறோம்' என்ற பொருளில் பைபர்ஸிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் போனது. அதிலுள்ள கொலை, கொள்ளை வருணனைகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட உறைப்பது அழைப்பு வரி. பொஹிமோண்டை 'பிரின்ஸ்' என்று அழைக்காமல் 'கோமிஸ்', அதாவது வெறும் கோமகன் என்று அழைத்து, அந்தியோக்கியா போனதால் பட்டம் மாறிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தியோக்கியாவுக்குப் பிரின்ஸ், திரிப்போலிக்குக் கோமகன். நகரம் போனால் பட்டமும் போச்சு. இதை எழுதியவர் சுல்தானின் செயலர் இப்னு அப்துல் ஸாஹிர், எதுகையோடு கூடிய அரபு உரைநடையில் தேர்ந்தவர். ஆகவே அந்தக் கோர வருணனைகளைப் போர்க்கள அறிக்கைபோல எண்ணிக்கையோடு எடுத்தாள்வதும் பிழை. படிக்கிறவர் மனதை உடைக்கவே கோத்த சொற்கள் அவை.

சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 'பேட்ரியார்க்' என்று மட்டும் இருந்தால் எந்தப் பேட்ரியார்க் என்று பாருங்கள். அந்தியோக்கியாவுக்கு மட்டும் லத்தீன், கிரேக்க, சிரிய மரபுகளில் தனித்தனிப் பேட்ரியார்க்குகள் ஒரே காலத்தில் இருந்தார்கள். 1165இல் பைசாந்தியப் பேரரசர் மானுவேலின் அழுத்தத்தால் கிரேக்கப் பேட்ரியார்க் அத்தனேசியஸ் நகருக்குள் வர, லத்தீன் பேட்ரியார்க் எய்மெரி வெளியேறினார். 1170 நிலநடுக்கத்தில் அத்தனேசியஸ் இறந்த பிறகே எய்மெரி திரும்பினார். அப்புறம் ஆண்டுக் கணக்கு. புத்தாண்டு எல்லா இடத்திலும் ஜனவரி 1 கிடையாது. வெனிஸில் மார்ச் 1. பிசாவிலும் ஃபுளோரன்ஸிலும் மார்ச் 25, ஆனால் பிசா ஓராண்டு முன்னே ஓடும். திருத்தந்தையரின் சாதாரணக் கடிதங்களில் 1187க்கு முன்பு இடமும் நாளும்தான் இருக்கும், ஆண்டு இருக்காது. அச்சுப் பதிப்பில் நீங்கள் பார்க்கும் ஆண்டு பதிப்பாசிரியர் கணித்துப் போட்டது.

போலிகளும் 'இந்தியா'வும்

1192 ஏப்ரலில், எருசலேம் அரசராகத் தேர்வாகியிருந்த கான்ராட் தீர் நகரத்தில் கொல்லப்பட்டபோது பழி இங்கிலாந்தின் ரிச்சர்ட் மேல் விழுந்தது. 'கொலைக்கு ரிச்சர்ட் காரணமில்லை' என்று மறைவாகக் கொலை செய்வதற்குப் பேர்போன அசாசின்கள் என்ற குழுவின் தலைவரான 'மலைக் கிழவர்' ஆஸ்திரிய டியூக் லியோபோல்டுக்கு எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. அது போலி. லியோபோல்டிடம் பிடிபட்டுச் சிறையிலிருந்த ரிச்சர்டின் பெயரைக் காப்பாற்ற மேற்கில் தயாரானது. முதல் சிலுவைப் போருக்குக் காரணம் என்று இன்றும் காட்டப்படும் ஒரு கடிதம், பைசாந்தியப் பேரரசர் அலெக்ஸியோஸ் ஃபிளாண்டர்ஸ் கோமகன் ராபர்ட்டுக்கு எழுதியதாகச் சொல்லப்படுவது. கான்ஸ்டாண்டிநோபிளின் புனிதப் பொருள்களைப் பட்டியலிட்டு, கிரேக்கப் பெண்களின் அழகையும் காட்டி வீரர்களை அழைக்கிறது அது. ஒரு பைசாந்தியப் பேரரசர் அப்படி எழுதியிருப்பார் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. போலி என்று தெரிந்ததும் தூக்கிப்போடுவதும் சரியில்லை. உண்டாக்கியவர்கள் எதை நம்பவைக்க விரும்பினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

நம் வாசகர்கள் தனியாக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எடெஸ்ஸா சேதி கொண்டுபோன அதே ஆயர் ஹியூ, கிழக்கே வெகுதொலைவில் ஜான் என்ற பெயரில் அரசரும் குருவுமான ஒருவர் இருக்கிறார் என்றும் விடெர்போவில் சொன்னார். ஃபிரைசிங் ஆயர் ஓட்டோ அதைக் கேட்டு எழுதிவைத்தார். சுமார் 1165இல் அந்த ஜான் பேரரசர் மானுவேலுக்கு எழுதியதாக ஒரு கடிதம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. 'மூன்று இந்தியாக்களையும்' தாம் ஆள்வதாகவும், புனித தோமையாரின் உடல் இருக்கும் இடம் வரை தம் ஆட்சி நீள்வதாகவும் அதில் வருகிறது. படித்தவுடன் நமக்கு மயிலாப்பூர் நினைவுக்கு வரும், உடனே ஒரு சோழர் காலத் தொடர்பைத் தேடத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். அன்றைய லத்தீன் எழுத்தில் 'இந்தியா' என்பது எத்தியோப்பியா வரை நீண்ட ஒரு மங்கலான திசை. கடிதமோ முழுக் கற்பனை.

ஆனாலும் 1177 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் 'இந்தியர்களின் அரசர்' ஜானுக்கு உண்மையாகவே ஒரு கடிதம் எழுதினார். அந்த அரசரின் ஆட்களைக் கிழக்கே சந்தித்ததாகச் சொன்ன பிலிப் என்ற மருத்துவரிடம் அதைக் கொடுத்தார். அரசர் ரோமில் ஒரு கோயிலும் எருசலேமில் ஒரு பீடமும் விரும்புவதாக பிலிப்தான் கேட்டுவந்து சொல்லியிருந்தார். கடிதத்தின் வாசகம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பிய பிலிப்பைப் பற்றி அதன் பிறகு ஒரு வரிகூட இல்லை.