குட்டியின் காதைப் பாருங்கள், வளர்ந்த நாயின் நிறம் தெரியும்

கோல்டன் ரெட்ரீவர் குட்டி வாங்குகிறீர்களா? முதுகின் நிறத்தை விட்டுவிட்டுக் காது மடலைப் பாருங்கள். வளர்ந்ததும் நாய் ஏறக்குறைய அந்த நிறத்துக்குத்தான் வரும். வேலூர், காட்பாடி பக்கம் யாராவது 'டார்க் கலர்' என்று கூடுதல் விலை சொன்னால், காதும் அடர் நிறமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

குட்டிக்கு முதலில் இருப்பது மெத்தென்ற பால்முடி. சுமார் 4 முதல் 6 மாதத்தில் அது உதிர்ந்து, பெரிய நாயின் முடி வளரத் தொடங்கும். அந்த நிறம் காதில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

தெருவில் எடுத்து வளர்க்கும் நாட்டுக் குட்டிக்கு வேறு வழி. கருமை படர்ந்த குட்டியின் முடியை விரலால் பிரித்து, தோலை ஒட்டிய அடிமுடியைப் பாருங்கள். நுனி மட்டும் கருத்து அடி வெளுத்த செம்மண் நிறமாக இருந்தால், பெரும்பாலும் செவலையாக மாறிவிடும். இதைத் தெரிந்துகொண்டால், நிறம் மாறுகிறதே என்று பயந்து டாக்டரிடம் ஓட வேண்டாம்.

ஆனால் பூடில், யார்க்ஷயர் டெரியர், ஷீ ட்சூ போன்ற இனங்களில் இந்த வழிகள் பலிக்காது. வளர வளர அவற்றின் நிறம் வெளிறக்கூடும். டால்மேஷியன் வெள்ளையாகவே பிறக்கும், புள்ளிகள் பிறகுதான் வரும். அப்புறம், நம்ம ஊர் வெயிலில் கருப்பு நாய் பழுப்பேறுவது வேறு விஷயம். அதோடு முடி கொட்டி, அரிப்பும் இருந்தால் கட்டாயம் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.