காபா செல்லை அடக்குமா, உசுப்புமா? குளோரைடு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

காபா (GABA) என்பது மூளையில் ஒரு நரம்பு செல்லிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள். குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்திலிருந்து கரியமில வாயுவைக் கழற்றினால் காபா. கழற்றும் நொதிக்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். காபா தன் ஏ வகை ஏற்பியில் ஒட்டியதும் குளோரைடு வாசல் திறக்கும். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். மதுரையில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த கணக்கில்.

1. செறிவுகளை எழுதுங்கள். வளர்ந்த நரம்பு செல்லுக்கு வெளியே குளோரைடு 120 மில்லிமோலார், உள்ளே 7 என்று வைத்துக்கொள்வோம்.

2. நெர்ன்ஸ்ட் சமன்பாடு: ஓர் அயனி உள்ளும் வெளியும் எந்த மின்னழுத்தத்தில் சமநிலையில் நிற்கும் என்று சொல்வது. பொட்டாசியத்துக்கு வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்துப் பழகிய கை, குளோரைடுக்கும் அப்படியே வகுத்துவிடும். விடை +76 வரும். காபா செல்லைத் தாறுமாறாகத் தூண்டுகிறது என்று ஆகிவிடும். குளோரைடின் மின்னூட்டம் எதிர்க்குறி. ஆகவே விகிதத்தைத் தலைகீழாக்குங்கள்: 7 ÷ 120. அதன் மடக்கை −1.234. அதை 61.5ஆல் (உடல் வெப்பத்துக்கு உரிய எண்) பெருக்கினால் ஏறக்குறைய −76 மில்லிவோல்ட். கைபேசியைவிடப் பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டரே எனக்குப் பிடிக்கும். எதுவானாலும் பத்தடி மடக்கைப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

3. ஓய்வு மின்னழுத்தத்தோடு, அதாவது செல் சும்மா இருக்கும்போது அதற்குள்ள மின்னழுத்தத்தோடு, ஒப்பிடுங்கள். அது −65 என்றால், குளோரைடு உள்ளே பாய்ந்து செல்லை −76 பக்கம் இழுக்கும். நரம்புத் துடிப்பு கிளம்பும் எல்லை இன்னும் தள்ளிப்போகும்.

ஓய்வே −76ஆக இருந்தால்? மின்னழுத்தம் அசையாது, தடுப்பு மட்டும் நடக்கும். வண்டியூர்க் கண்மாயில் மடையைத் திறந்துவிட்டால், வரத்து இருந்தும் மட்டம் எளிதில் ஏறாதல்லவா? திறந்த வாசல் வழியே தூண்டல் மின்னோட்டம் அப்படித்தான் வீணாகிறது. தேர்வில் இதைக் கேட்டால் பலர் 'தடுப்பு இல்லை' என்று எழுதுகிறார்கள், தவறு.

4. இளம் செல்லுக்கும் போடுங்கள். உள்ளே 25 என்றால் விடை −42. அதே காபா இங்கே செல்லை உசுப்பும் பக்கம் இழுக்கிறது. குளோரைடை உள்ளே ஏற்றும் என்கேசிசி1 என்ற கடத்திப் புரதம் அங்கே ஓங்கியிருக்கிறது. வெளியேற்றும் கேசிசி2 என்ற கடத்தி இன்னும் போதிய அளவு வரவில்லை.

பின்சேர்க்கை: இரண்டாம் படியில் எனக்கு −72 வருகிறதே என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். அவர் பயன்படுத்திய 58 என்ற எண் 20 டிகிரிக்கு உரியது. உடல் வெப்பமான 37 டிகிரிக்கு 61.5. மே மாத மதுரையில் அறைக்கும் உடலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 61.5ஐயே வைத்துக்கொள்ளுங்கள்!

இன்னொன்று: அந்த வாசலில் பைகார்பனேட்டும் கொஞ்சம் கசியும். அதனால் சோதனையில் அளக்கும் மதிப்பு, கணக்கில் வருவதைவிடச் சற்று மேலே, சுழியத்தின் பக்கம், நிற்கும். காபா பி வகை ஏற்பிக்கு இந்தக் கணக்கு செல்லாது; அது செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதம் வழியாகத் திறப்பது பொட்டாசியம் வாசலை.