முயலுக்கு மாட்டு வைத்தியம் வேண்டாம்: பயிர்க்கழிவைத் தீவனமாக்குவதில் நடக்கும் தவறுகள்

கடலைக்கொடி, வைக்கோல், தவிடு, பருப்புப் பொட்டு, பிண்ணாக்கு எல்லாம் கையில் இருக்கும்போது முயல் தீவனத்துக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். பஞ்சம் இல்லைதான். ஆனால் அவற்றைத் தரமாக்குகிறேன் என்று பலர் முதலில் கைவைப்பது யூரியாவில்.

மாட்டுக்கு அது நல்ல வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் மூடி வைத்தால் வைக்கோல் இளகும், சத்தும் கூடும். மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. யூரியாவைப் பிடித்துப் புரதமாக்கிவிடும். முயலுக்கு அவை இருப்பது சிறுகுடலைத் தாண்டி, குடல்பையில். அங்கே போவதற்குள் யூரியா பெரும்பாலும் ரத்தத்தில் ஏறிவிடும். புரதமாக மாறுவது சொற்பம். அளவு மிஞ்சினால் அம்மோனியா நஞ்சுதான்.

நார் விஷயத்திலும் இதே குழப்பம். தடித்த நாரைச் செரிக்க முயல் மெனக்கெடுவதில்லை, புழுக்கையாக வெளியே தள்ளிவிடும். அப்படியானால் நன்றாக அரைத்துக் கொடுப்போம் என்று மாவாக்கிவிடுகிறார்கள். மாவு மூக்கில் ஏறித் தும்ம வைக்கும். அதைவிட மோசம், தடித்த நார் தள்ளிக்கொண்டு போகாமல் குடல் மந்தமாகி, பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் வரும். கொடியை 2, 3 சென்டிமீட்டராக நறுக்கினால் போதும். கலவையில் நார் 14 சதவீதத்துக்குக் குறைய வேண்டாம். வளரும் குட்டிக்குப் புரதம் 16 சதவீதம் அளவில் இருக்கட்டும். உமியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் செரிக்காத நாரும் மணல்சத்தும் (சிலிக்கா)தான் அதிகம்.

என்னைக் கேட்டால், முயலுக்குப் பயிர்க்கழிவைத் தரமாக்குவது என்பதில் முக்கால்வாசி காயவைப்பதுதான். அதில்தான் அலட்சியம் அதிகம். கடலைக்கொடியில் இலை முதலில் காயும். தொட்டுப் பார்த்தால் சலசலக்கும், காய்ந்துவிட்டது என்று போர் போட்டுவிடுவோம். தண்டின் கணுவை மடக்கிப் பாருங்கள். மொடுக்கென்று ஒடிந்தால் சரி. வளைந்து நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, போருக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக உச்சி வெயிலில் புரட்டினால் இலை நொறுங்கி உதிரும். புரதம் இருப்பதே இலையில்தான், அதனால் காலையில் புரட்டுவது நல்லது.

பூஞ்சணம் பிடித்த கொடியை உதறிப் போடுவதும், பிண்ணாக்கில் மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைக் கொடுப்பதும் சாதாரணமாக நடக்கிறது. கடலைப் பிண்ணாக்கில் வரும் அஃப்லடாக்சின் நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் பிராணிகளில் முயலும் ஒன்று, ஈரல் கெட்டுப்போகும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குப்பையில் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

அரிசித் தவிட்டையும் மாதக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள், அதிலுள்ள எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வரும். மரவள்ளி இலையை நறுக்கி, நன்றாக உலர்த்திய பிறகுதான் கொடுக்க வேண்டும். பச்சையில் சயனைடு உண்டு. உருளைக்கிழங்குச் செடி வேண்டவே வேண்டாம். மருந்து தெளித்த வயலின் கழிவும் அப்படித்தான்.

புதுத் தீவனம் எதுவானாலும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முயல் இரவில்தான் அதிகம் தின்னும் என்பதால் பெரும்பங்கை மாலையில் வையுங்கள்.

அப்புறம், காலையில் கூண்டின் அடியைப் பாருங்கள். திராட்சைக் கொத்துபோல மினுமினுக்கும் மென்புழுக்கை கிடந்தால் கழிச்சல் என்று பயந்து மருந்து கொடுக்கிறார்கள். அது முயல் தானே திரும்பத் தின்ன வேண்டிய புழுக்கை. தின்னாமல் விட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் கலவையில் சத்து கூடிவிட்டது. பிண்ணாக்கையும் தவிட்டையும் ஒரு பிடி குறைத்து, கொடியை ஒரு பிடி கூட்டிப் பாருங்கள்.