வெள்ளீய வியாபாரத்துக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொழிஞ்சாம்பாறையில் என் கடைக்கு ஒரு தம்பி வந்தான். கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டி, "அண்ணா, சுரங்கத்தை மூடிட்டாங்களாம். வீட்டு நகையை அடகு வெச்சு அரை டன் வாங்கிப் போடட்டுமா?" என்று கேட்டான். வயிற்றைப் பிசைந்தது. எடை, ரசீது, ஜிஎஸ்டி எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு.

சுரங்கம் நின்றது என்று கேட்டதும் வாங்கிக் குவிப்பது

2022 மார்ச்சில் நான் செய்தது இதுதான். நடவரம்புப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வெள்ளீயம் கொடுத்துவந்தேன். உருளி வார்க்கும் வெண்கலத்தில் நூற்றுக்கு 22 பங்கு வெள்ளீயம், மீதி செம்பு. அந்த மாதம் லண்டன் உலோகச் சந்தையில் டன் விலை 50,000 டாலரைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்றார் ஒரு மொத்த வியாபாரி. கையில் ஒரு ஆர்டர்கூட இல்லாமல், வட்டிக்குக் கடன் வாங்கி 400 கிலோ எடுத்தேன். வரி போக கிலோ 3,600 ரூபாய்.

நவம்பருக்குள் லண்டன் விலை 18,000 டாலருக்கும் கீழே இறங்கியது. அதே கட்டி இங்கே கிலோ 1,500 ரூபாயை ஒட்டித்தான் போனது. வெண்கலம் வார்க்கும் மூசாரிகள் அன்றைய விலைக்குத்தானே வாங்குவார்கள்? எட்டு லட்சத்துக்கு மேல் போனது, வட்டி தனி. இன்றைக்கு நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஏன் இப்படி விழுந்தது? உலக வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி, மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கும் சால்டருக்குப் போகிறது. கணினி, கைபேசி விற்பனை மந்தமானால் விலை சரியும். அதோடு இது சின்னச் சந்தை. ஆண்டுக்கு உருக்கி எடுப்பதே நான்கு லட்சம் டன்னுக்குள்தான். செம்பு இரண்டரைக் கோடி டன்னைத் தாண்டும். நாலு பெரிய கைகள் சேர்ந்து வாங்கினாலே வெள்ளீயம் துள்ளும், விட்டால் விழும்.

அப்புறம், எந்தச் சுரங்கம், ஏன் நின்றது என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் மியான்மரில் 'வா' என்ற பகுதியில் வெள்ளீயத் தாது தோண்டுவதை நிறுத்தினார்கள். அந்தத் தாது சீன உலைகளுக்குப் போவது. அங்கே இருப்பு இருந்தது. ஆண்டு முடிவிலும் விலை 25,000 டாலர் பக்கம்தான் நின்றது. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் சுரங்க அனுமதி தாமதமானபோது கதை வேறு. அங்கிருந்து வெளியே போவது தாது அல்ல, உருக்கிய கட்டி. அந்த மாத ஏற்றுமதி கிட்டத்தட்ட நின்றேபோனது. நாம் விற்பதும் கட்டிதான், அதனால் நமக்கு உறைக்க வேண்டிய செய்தி இந்த மாதிரிதான்.

2025 மார்ச்சில் காங்கோவில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை நெருங்கியதால் பிஸியே வெள்ளீயச் சுரங்கம் நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் விலை 37,000 டாலரைத் தாண்டியது. சில நாட்களிலேயே அமெரிக்கத் தீர்வை அறிவிப்பும், சுரங்கம் திறக்கப்போகும் செய்தியும் சேர்ந்து 30,000க்குக் கீழே இழுத்துவிட்டன. உச்சத்தில் வாங்கியவருக்கு மூச்சுவிடவும் நேரமில்லை.

அந்தத் தம்பியிடம் என்ன ஆர்டர் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு கோயில் மணிக்கு 40 கிலோ என்றான். சரி, 40 கிலோ எடு, பட்டறைக்காரரிடம் இன்றைக்கே விலை பேசி முன்பணம் வாங்கு என்றேன். நகையை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

டாலர் விலையை மட்டும் பார்ப்பது

2022 மார்ச்சில் டாலர் 76 ரூபாய், அக்டோபரில் 82. லண்டன் விலையை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, ரூபாயில் பாருங்கள்.

யாராவது விலையைத் தாங்கிப் பிடிப்பார்கள் என்று நம்புவது

பன்னாட்டு வெள்ளீயக் குழு என்று நாடுகள் கூடி நடத்திய அமைப்பு ஒன்று இருந்தது. விலை விழும்போதெல்லாம் சரக்கை வாங்கி அடுக்கியது. 1985 அக்டோபரில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வியாபாரமே 1989 வரை நடக்கவில்லை.

கடனுக்கு விற்பது

வேண்டாம்.

முத்திரை இல்லாத கட்டி

மலிவாகக் கிடைக்கிறதென்று எடுக்காதீர்கள். மெல்லிய துண்டை வளைத்தால் சுத்த வெள்ளீயம் கறகறவென்று சத்தம் போடும். காரீயம் கலந்திருந்தால் அந்தச் சத்தம் மங்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல் ஆய்வுச் சான்றும் கேளுங்கள். நாம் விற்கும் கட்டிதான் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூச்சாகவும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பாகவும் அடுப்பில் ஏறுகிறது. அதில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.