டைட்டேனியப் படிகத்தில் புள்ளிக்கோடு போடும் முன்

படிகக் கட்டமைப்பைத் திரையில் காட்டும் மெர்குரி மென்பொருளில் கோப்பைத் திறந்த கையோடு, குறுந்தொடர்புகளை, அதாவது அணுக்கள் வழக்கத்தைவிட நெருங்கி நிற்கும் இடங்களைக் காட்டும் பெட்டியில் டிக் போட்டுவிடாதீர்கள். போட்டால் திரை முழுக்கப் புள்ளிக்கோடுதான். எங்கள் ஆய்வகப் பிள்ளைகள் அதை அப்படியே படம் பிடித்து ஆய்வேட்டில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஹைட்ரஜனை அங்கே வைத்தது யார்?

பழகுவதற்கு டைட்டனோசீன் டைகுளோரைடு நல்லது. டைட்டேனியத்தோடு இரண்டு ஐங்கார்பன் வளையங்களும் இரண்டு குளோரின்களும் இணைந்தது; 1954-இல் வில்கின்சனும் பர்மிங்காமும் தயாரித்த சிவப்புச் சேர்மம். காற்றில் சட்டென்று கெடாது. டைகுளோரோமீத்தேன் கரைசலின் மேல் ஹெக்சேனை மெதுவாக அடுக்கி, அசைக்காமல் விட்டால் படிகம் வரும். கட்டமைப்புக் கோப்பைக் கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தில் இலவசமாக எடுக்கலாம்.

முதலில் மூலக்கூறை அளந்து பாருங்கள். டைட்டேனியம்–குளோரின் நீளம் சுமார் 2.36 ஆங்ஸ்ட்ராம், இரு குளோரின்களுக்கு இடையிலான கோணம் 94–95 பாகை, இரு வளைய மையங்களுக்கு இடையே சுமார் 131 பாகை. இந்தப் படிகத்தில் ஒன்றுக்கொன்று சாராத மூலக்கூறுகள் இரண்டு உண்டு. இரண்டையுமே அளந்து பாருங்கள். சேர்மம் ஒன்றே என்பதால், அளவுகளில் தெரியும் வித்தியாசம், படிகத்தில் அடுக்கப்பட்ட விதத்தால் மூலக்கூறு எவ்வளவு நெளியும் என்பதைக் காட்டிவிடும்.

இனி ஹைட்ரஜன். எக்ஸ் கதிருக்குத் தெரிவது எலெக்ட்ரான் மட்டும். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று, அதையும் கார்பன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் கட்டமைப்பைத் திருத்தும் மென்பொருளான ஷெல்எக்ஸ்எல், வளைய ஹைட்ரஜனைக் கார்பனிலிருந்து 0.93–0.95 ஆங்ஸ்ட்ராமில் வைக்கும். அணுக்கருவையே பார்க்கும் நியூட்ரான் காட்டும் நீளமோ ஏறக்குறைய 1.08. மெர்குரியில் ஹைட்ரஜன் நீளத்தை இந்த நியூட்ரான் அளவுக்குச் சீராக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பிணைப்பில்லாத அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கான அளவுகோல் வான்டெர்வால்ஸ் ஆரம்; ஹைட்ரஜன், குளோரின் ஆரங்களின் கூட்டல் 1.20 + 1.75 = 2.95. சீராக்குவதற்கு முன் 3.00 என்று வெளியே நின்ற தொடர்பு, அப்புறம் 2.88 என்று உள்ளே வந்துவிடலாம். எந்த அளவைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

தூரம் மட்டும் போதாது. கார்பன்–ஹைட்ரஜன்–குளோரின் கோணம் 120-க்குக் கீழே இருந்தால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. 140-க்கு மேல் என்றால் உட்கார்ந்து பார்ப்பேன். உலோகத்தோடு சேர்ந்த குளோரினை ஹைட்ரஜன் பக்கவாட்டில் அணுகுவதே வழக்கம், அங்கே ஹைட்ரஜன்–குளோரின்–உலோகம் கோணம் பெரும்பாலும் 90 முதல் 130.

அகோஸ்டிக் இடைவினை வேறு ரகம். எலெக்ட்ரான் பற்றாக்குறையுள்ள டைட்டேனியம், தன் மூலக்கூறுக்குள்ளேயே ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் மேல் சாய்கிறது. 1983-இல் புரூக்ஹார்ட்டும் கிரீனும் இதற்குப் பெயர் வைத்தார்கள். டைபாஸ்பீன் இணைந்த எத்தில் டைட்டேனியம் டிரைகுளோரைடில் டைட்டேனியம்–கார்பன்–கார்பன் கோணம் 109-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, சுமார் 86-க்குச் சுருங்கிவிட்டது! கார்பன் நிலைகளை நம்பலாம் என்பதால் இங்கே இந்தக் கோணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹைட்ரஜனை எலெக்ட்ரான் அடர்த்தி வேறுபாட்டு வரைபடத்தில் (அளந்த அடர்த்தியில் மாதிரி கணக்கில் எடுக்காமல் விட்டதைக் காட்டும் படம்) தேடி எடுத்து, அதன் இடத்தைக் கட்டிப்போடாமல் திருத்துங்கள். மென்பொருள் கணக்குப் போட்டு வைத்த ஹைட்ரஜனைக் காட்டி அகோஸ்டிக் என்று வாதிட முடியாது.

அட்டவணை போடும்போது, அப்படிக் கணக்கிட்டு வைத்த ஹைட்ரஜனின் நீளத்துக்குப் பிழை மதிப்பு எழுதாதீர்கள். அது அளந்த எண் அல்ல.