பழைமையான பூங்காவின் எதிர்காலத்தை மக்களோடு சேர்ந்து திட்டமிடுவது எப்படி?

பழைய பொதுப் பூங்கா ஒன்றைச் சீரமைக்க முதன்முறையாக இறங்குவோர், பெரும்பாலும் வரைபடத்தை முடித்த பிறகே மக்களிடம் செல்கின்றனர். முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு அதிகாரம் கிடைக்கிறது என்பதைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தி, அமெரிக்கரான ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வகுத்த எட்டுப் படிகள் கொண்ட பங்கேற்பு ஏணியில் கருத்துக் கேட்பது நான்காம் படிதான். கேட்ட கருத்தால் முடிவு மாறும் என்ற உறுதி அதில் இல்லை. ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்பே தொடங்குங்கள்.

படி 1: மாறக்கூடாதவற்றை முதலில் எழுதுங்கள்

பழைமையான தோட்டங்களுக்கான 1981ஆம் ஆண்டின் புளோரன்ஸ் சாசனம், அவற்றை உயிருள்ள நினைவுச்சின்னங்கள் என்கிறது. மரம் வளரும், பட்டுப்போகும், மறுபடி நடப்படும். எனவே கட்டடத்தைக் காப்பதுபோல் பூங்காவைக் காக்க இயலாது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ‘ஷீப் மெடோ’வில் 1934 வரை செம்மறியாடுகள் மேய்ந்தன, இன்று அங்கே மக்கள் இளைப்பாறுகின்றனர், புல்வெளி மட்டும் புல்வெளியாகவே இருக்கிறது. உங்கள் பூங்காவிலும் அமைப்பையும் பயன்பாட்டையும் இவ்வாறு பிரித்துப் பாருங்கள். ஏற்கெனவே முடிவானதை முடிவானது என்றே சொல்லிவிடுங்கள்.

படி 2: வருவோரையும் வராதோரையும் கணக்கெடுங்கள்

ஒரு வேலைநாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் செல்வோரும், இருட்டிய பின் தனியே நடக்கத் தயங்கும் பெண்களும் அந்தக் குறிப்பில் இருக்கமாட்டார்கள். அவர்களைப் பள்ளிக்கூட வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் தேடிச் சென்று கேளுங்கள்.

படி 3: நடந்தபடியே கேளுங்கள்

அரங்கக் கூட்டத்தில் உரத்த குரலே வெல்லும் என்பதால், ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பூங்காவுக்குள் நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். “என்ன வேண்டும்?” என்று கேட்டால் வாகன நிறுத்தம், சிற்றுண்டிக் கடை என்று ஒரு பட்டியல்தான் கிடைக்கும். “இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள், எந்த இடத்தைத் தவிர்ப்பீர்கள்?” என்று கேட்டால், எந்த ஆவணத்திலும் இல்லாத பூங்கா வெளிப்படும். பழைய நிழற்படங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் பார்த்ததும் முதியவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள்.

படி 4: மாற்று வரைவுகளை முன்வையுங்கள்

இரண்டு அல்லது மூன்று வரைவுகள் போதும். ஒவ்வொன்றிலும் பராமரிப்புச் செலவும், அதை ஏற்பவர் யார் என்பதும் இருக்கட்டும்.

படி 5: பதில் சொல்லுங்கள்

‘கேட்டது, முடிவு, காரணம்’ என்ற மூன்று பத்திகளில் அட்டவணை எழுதி, பூங்கா வாயிலில் ஒட்டுங்கள். ஏற்கப்படாத கோரிக்கைகளும் உரிய காரணத்துடன் அதில் இடம்பெற வேண்டும்.