டொமைன் சர்வர் மாறியதும் லாகின் ஆகவில்லையா?

ஆபீஸ் கணினிகளின் லாகினை எல்லாம் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் டொமைன் சர்வரைப் புதிய விண்டோஸுக்கு மாற்றிய மறுநாள் காலை, "பாஸ்வேர்டு சரியாத்தான் போடுதேன், உள்ள விட மாட்டேங்கு அண்ணாச்சி" என்று வண்ணார்பேட்டையிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் போன் வரும். உடனே பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். முதலில் லாக் திரையில் தெரியும் நேரத்தையும் தேதியையும் பாருங்கள். டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், சர்வருக்கும் கணினிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழக்கமாக ஏற்காது. பழைய கணினி என்றால் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்தால் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். நம்ம ஊர் வெயில்கால மின்வெட்டுக்குச் சொல்லவே வேண்டாம். நேரம் சரியாகத் தெரிந்தாலும் டைம் ஜோன் தப்பாக இருந்தால் இதே கதைதான்.

அப்புறம் டிஎன்எஸ், அதாவது பெயரை வைத்து சர்வரின் முகவரியைத் தேடித் தரும் சேவை. நெட் வேகமாக வரட்டும் என்று யாராவது கணினியின் டிஎன்எஸ் அமைப்பில் கூகுளின் 8.8.8.8 போட்டு வைத்திருப்பார்கள். அதற்கு உங்கள் டொமைன் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கே சர்வரின் ஐபி முகவரிதான் இருக்க வேண்டும்.

'டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்' (கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை இணைப்பு) அறுந்தது என்று பிழை வந்தால், கணினியை டொமைனிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன், டொமைன் இல்லாமல் அந்தக் கணினியில் மட்டும் செல்லும் லோக்கல் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள்.